அவர் சட்டையில் பேரையூர் லைன்

நாற்பத்து மூன்று வயதில் மோட்டார் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் "பரவாயில்லையே!" என்று கண்ணை விரிக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "இவங்களப் பாத்துக் கத்துக்கங்கடி" என்று வயசுப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டினார்கள். நான் சாம்பார் வாளி எங்கே வருகிறது என்று பார்க்கிற பாவனையில் திரும்பிக்கொண்டேன். ஓட்டக் கற்றுக்கொண்டது உண்மைதான். எப்படி ஓட்டினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பந்தியில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

எங்கள் வீடு மதுரை செல்லூரில். தறிச் சத்தம் கேட்காத தெருவை அங்கே தேடத்தான் வேண்டும். என் கணவர் தறிக்காரர் இல்லை. தறியில் நெய்த துண்டுகளையும், தைத்த உள்பாவாடைகளையும் மொத்தமாக வாங்கி, மூட்டை கட்டி, பைக்கின் பின்னால் ஏற்றிக் கிராமத்துச் சின்னக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். இதற்கு 'லைன் போவது' என்று பெயர். கிழமைக்கு ஒரு பக்கம் போவார். இருப்பதில் பெரிய லைன் பேரையூர்ப் பக்கம், செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டு அடுப்பில் பாதி அந்தச் செவ்வாய்க்கிழமையால்தான் எரிந்தது.

இத்தனை வருஷம் ரோட்டில் ஒரு தடவைகூட விழாத மனுஷன், வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரையில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரைக்குப் பக்கத்துக் கடைகளுக்கு ஆட்டோவிலும் மினிபஸ்ஸிலும் நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமாளித்தேன். பேரையூர் லைனில் அது நடக்காது. கடைகள் எல்லாம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே, இன்னும் உள்ளே. பஸ் எப்போதோ ஒன்று. கிழமை தவறாமல் போனால்தான் அது நம்முடைய லைன். தொடர்ந்து சில வாரம் தவறினால் இன்னொருவர் மூட்டையை இறக்கிவிடுவார், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஓட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"நீயா? ஸ்கூட்டியவே தொட்டதில்ல. கியர் வண்டிய நீ ஓட்டப் போறியாக்கும்."

"நீங்க மட்டும் பொறக்கும்போதே கிளட்ச்சப் புடிச்சுக்கிட்டா வந்தீங்க?"

அவர் சிரித்தார். கால் உடைந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. வாய் விட்டது விட்டதுதான், இனிப் பின்வாங்க முடியாது.

ஆனால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தக் காலத்தில் பெண் வண்டி ஓட்டுவதில் என்ன வெட்கம் என்று கேட்கலாம். எங்கள் தெருவிலேயே பாதிப் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் பழகும்போது வாசலில் நின்று கேலி செய்த வாய் என்னுடையது. எதிர்வீட்டு டீச்சர் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போன காலத்தில், "பாவம், ரோட்டக் கூட்டிக்கிட்டே போறாங்க" என்று சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தவள் நான். அந்த டீச்சரும் சேர்ந்து சிரித்தார்தான், ஆனால் ஞாபகம் வைத்திருப்பார். இப்போது இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, பெட்ரோல் டேங்கை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அவர் வாசலைத் தாண்டி நான் போவதா?

அதனால் யாருக்கும் தெரியாமல் பழகுவது என்று முடிவானது. திருவாதவூரில் என் கணவருக்குச் சொந்தக்காரர் வீடு ஒன்று உண்டு. ஒரு லோடு ஆட்டோவில் பைக்கை ஏற்றி, அவரை ஏற்றி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். "காலுக்கு நல்ல காத்து வேணும்னு டாக்டர் சொன்னாரு" என்று தெருவில் சொன்னேன். "காத்து வாங்க வண்டி எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். "சும்மா நின்னா பேட்டரி போயிரும்ல" என்று அதற்கும் ஒரு பதில் சொன்னேன். பொய் சொல்வது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

ஊருக்கு வெளியே கண்மாய் வற்றிக் கிடந்தது. விடிந்ததும் அவர் கரையில் நாற்காலி போட்டுக் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே. முதல் வேலையாக அவர் இரண்டு மூட்டை துண்டைப் பின்சீட்டில் கட்டச் சொன்னார்.

"எதுக்குங்க? மொதல்ல வெறும் வண்டியில பழகிக்கிறேனே."

"நீ என்ன ஊர் சுத்தவா போற? மூட்டையோடதான போகணும். மூட்டையோடயே பழகு."

இப்படிப் பழகியதால் ஒரு கோளாறு வந்தது. பின்னால் கனம் இருந்தால் வண்டி எனக்குக் கட்டுப்படும். கனம் இல்லாவிட்டால் பின்சக்கரம் துள்ளும், ஹேண்டில்பார் கையை உதறும், நான் தடுமாறுவேன். வேறு யாருக்கும் இப்படி ஒரு சிக்கல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போன இடத்தில், "சார், பின்னால ஒரு மூட்டை கட்டிக்கிறவா?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெறும் வண்டியில் எப்படியோ உருட்டி எட்டை முடித்தேன்.

கண்மாயில் விழுந்த கணக்கைச் சொல்லப் போவதில்லை. கரையிலிருந்து அவர் "கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடு, ஐயோ ஒரேடியா விடாத!" என்று கத்துவதும், நான் கீழே கிடந்தபடியே, "விடுங்கறீங்க, விடாதங்கறீங்க, ஒண்ண மட்டும் சொல்லுங்க!" என்று கத்துவதும் ஊரில் பலருக்கும் பொழுதுபோக்காக இருந்தது. அந்த ஊரில் யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் பொறுத்துக்கொண்டேன். பத்து நாள் போல அங்கே இருந்தோம். கிளம்பும்போது எனக்கு வண்டி வந்துவிட்டது. வெட்கம் மட்டும் போகவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை, அவர்தான் தன் சட்டையைக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. "தூசி அப்பும், சுடிதார் மேல இதப் போட்டுக்க" என்றார். தூசிக்காகத்தான் கொடுத்தார். போட்டுக்கொண்டு, பின்னலைச் சட்டைக்குள் விட்டு, எங்கள் மூட்டையிலேயே ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டி, அவருடைய பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். ஒரு தடியான ஆம்பளை நின்றான். எனக்கு அவ்வளவு நிம்மதி! பொழுது விடியும் நேரத்தில் தெருவைத் தாண்டினேன். பால் ஊற்றுகிறவர், "என்ன அண்ணே, கால் சரியாப் போச்சா?" என்று கேட்டார். நான் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை விட்டேன்.

என் கணவருக்கும் அது பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் பெண்டாட்டியை ரோட்டில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று யாரும் பேச வழியில்லாமல் போனதில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்த பிறகு இந்த வேஷத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

கடைகளில் என்ன செய்வது? ஹெல்மெட்டோடு போய் உள்பாவாடை விற்க முடியாதே. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் முன்னாலேயே கருவேல மரத்து மறைவில் வண்டியை நிறுத்துவேன். சட்டையையும் ஹெல்மெட்டையும் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்து, மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து போவேன். பஸ்ஸில் வந்ததாகச் சொல்வேன்.

ஒரு கடைக்காரர் மட்டும் சந்தேகப்பட்டார். "இந்நேரத்துக்கு இங்க ஏதுக்கா பஸ்ஸு?"

"மெயின் ரோட்டுல எறங்கி நடந்துதான் வாரேன்."

"அம்புட்டுத் தூரமா? இந்த மூட்டையத் தூக்கிக்கிட்டா?" அவர் மனைவியைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் துண்டுக்கார அண்ணன் பெண்டாட்டி பாவம், நடந்தே மூட்டை சுமக்கிறாள் என்று எனக்கு ஒரு நல்ல பேர் வந்துவிட்டது. இன்னொரு கடையில் இரக்கப்பட்டு வழக்கத்தைவிட ஒரு கட்டு அதிகமாக எடுத்துக்கொண்டார்கள்.

லைன் பிழைத்துவிட்டது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரே ஒரு கஷ்டமான இடம். உள்ரோடு மெயின் ரோட்டைத் தொடும் முன்னால், ஒரு வேப்ப மரமும் பஸ் நிற்கும் இடம் என்று எழுதிய பலகையும் இருக்கும். வேறு கட்டடம் கிடையாது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல். அங்கே ஒரு வேகத்தடை. சாயங்காலம் நான் அங்கே வரும்போது மூட்டைகள் காலியாகி வண்டி துள்ளிக்கொண்டிருக்கும், அதனால் நன்றாக மெதுவாக்கித்தான் தாண்டுவேன். அந்த மரத்தடியில், உள்ளே ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காக ஒரு பெண் பிள்ளை தனியாக நிற்கும். கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை, தோளில் பை. என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளும் இப்படித்தான் எங்காவது பஸ்ஸுக்கு நிற்பாள் என்று தோன்றும். அதனால் அந்தப் பிள்ளையை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போவேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மெதுவாக்குவேன், பார்ப்பேன், போவேன். சில வாரம் அவள் இருக்க மாட்டாள். லீவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிடத் தாமதமாகிவிட்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை மரத்தடியில் நின்று, ரோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வரவில்லை என்று தெரிந்தது. ஐயோ பாவம், ஏற்றித் திரும்ப உள்ளே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று தோன்றியது. பின்னால் ஆள் இருந்தால் வண்டியும் துள்ளாது என்று ஒரு சின்னச் சுயநலமும் இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கி அவள் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

நான் எந்தக் கோலத்தில் இருக்கிறேன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. சத்தியமாக அதுதான் நடந்தது. உள்ளே நான் நானாகத்தானே இருந்தேன்? ஒரு தாய் ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டேன். "வா, ஏறு" என்று சொல்லிப் பின்சீட்டைக் கையால் தட்டிக் காட்டினேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். வண்டியைக் காலால் தள்ளி இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய், "அட வா பாப்பா" என்றேன். துண்டுக்குள்ளும் ஹெல்மெட்டுக்குள்ளும் போன என் குரல் வெளியே எப்படிக் கேட்டதோ! அவள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கருவேலக் காட்டுக்குள் ஓடினாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முள்ளுக்குள் ஓடுகிறாளே, கிழித்துவிடுமே என்றுதான் பதறினேன். வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, "ஏய் நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் அலறினாள். அந்த அலறலில்தான் எனக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே நின்று ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன். அதன் கொக்கி உடைந்து பல மாதமாகிறது. அவர் தறி நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார், நிதானமாக அவிழ்த்தால்தான் வரும். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. "நான் பொம்பளைடி, நான் பொம்பளைடி" என்று உள்ளே இருந்து கத்தினேன். ஒரு கல் வந்து ஹெல்மெட்டில் பட்டது. அடுத்தது தோளில் பட்டது. நல்ல குறி அவளுக்கு.

கடைசியில் நூல் அறுந்து ஹெல்மெட் கையோடு வந்தது. துண்டை இழுத்தெறிந்தேன். சட்டைக்குள் இருந்த பின்னலை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். போலீஸிடம் மாட்டினவள் மாதிரி நின்றேன். அவள் மூன்றாவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அந்த முள்ளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நான் கிட்டே போனேன். கையெல்லாம் கீறல். சுடிதாரின் கை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?" என்றாள்.

"எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் இப்படி வேஷம்," என்றேன்.

"எதுக்கு?"

"பைக் ஓட்டுறதுக்கு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது அவளுக்கு விளங்கவே இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. எந்த விளக்கத்தாலும் அதை விளங்க வைக்க முடியாது என்று எனக்கும் தெரிந்தது. கல்லடியைவிட, அன்றைக்கு எனக்கு உறைத்த முதல் அடி அதுதான்.

கிழிந்த தோளை மூடிக்கொள்ளட்டும் என்று என் மேல் இருந்த கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி நீட்டினேன். அவள் வெடுக்கென்று பின்னால் போனாள். "அந்தச் சட்ட வேணாம்க்கா. அது வேணாம்."

ஆம்பளைச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் திட்டுவார்கள் என்பதால் சொல்கிறாள் என்று நினைத்தேன். மூட்டையில் மிச்சமிருந்த புதுத் துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டேன். சட்டையைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்தேன். முள்ளை எடுத்துவிட்டு, பையைத் தேடிக் கொடுத்து, "நானே வீட்டுல வந்து விடுறேன், உங்க அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏறினாள். என்னைத் தொடாமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கனம் ஏறியதும் வண்டி துள்ளாமல் போனது. நல்ல நாளாக இருந்தால் அதற்கு நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வீடு மூன்று மைல் உள்ளே. அவள் அம்மா அப்போதுதான் வேலைக்குப் போய்த் திரும்பி, கை கால் கழுவிக்கொண்டிருந்தார். மகளின் கோலத்தைப் பார்த்ததும் ஓடி வந்தார். நான் முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஹெல்மெட், துண்டு, சட்டை, பின்சீட்டைத் தட்டியது, துரத்தி ஓடியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகக் கேட்டது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "பக்கத்துல எவனாச்சும் வண்டிய நிறுத்துனா முள்ளுக்குள்ள ஓடிருன்னு நாந்தான் சொல்லிக் குடுத்துருக்கேன்," என்றார். என் மகளுக்கு நான் போனில் சொல்லிக்கொடுத்ததும் அதேதான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் எவனாவது பக்கத்தில் வண்டியை நிறுத்தினால், எதையும் பார்க்காதே, ஓடிவிடு என்று சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா ஏதோ யோசித்துக்கொண்டே கேட்டார். "நீங்க செவ்வாக்கெழமைதோறும் இந்த ரோட்டுலதான் போறீகளா?"

"ஆமா."

"என்ன சட்ட போட்டுருந்தீக?"

நான் மூட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன். நீலக் கட்டம்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். "கட்டம் போட்ட சட்டக்காரன் ஒருத்தன் செவ்வாக்கெழம ஆனா வாரான், இவகிட்ட வந்ததும் வண்டிய மெதுவாக்கி மொறச்சு மொறச்சுப் பாக்குறான்னு ரெண்டு மாசமாச் சொல்லுது, அக்கா. அவனுக்குப் பயந்துக்கிட்டு பாதிச் செவ்வாக்கெழம காலேசுக்கே போக மாட்டேங்குது. இன்னைக்கி ஏதோ பரிட்சைன்னு நாந்தான் கட்டாயப்படுத்தி அனுப்புனேன்."

அவள் இல்லாத வாரங்களில் லீவு என்று நான் நினைத்துக்கொண்டேனே! அந்தச் சட்டை வேண்டாம் என்று அவள் ஏன் பின்னால் போனாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாவம் என்று நினைத்துத்தான் நான் அவளைப் பார்த்தேன். அவள் வாழ்க்கையில் நான் ஒரு கெட்டவனாக இரண்டு மாதம் இருந்திருக்கிறேன்.

அந்த அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கக் கை கூசியது. "மொகத்தக் காட்டிக்கிட்டு வந்துருந்தீகன்னா," என்றார், "மொத வாரமே அதுவே கையக் காட்டி ஏறியிருக்கும். அம்புட்டுத் தூரம் நடந்து வாரதுக்கு ஒரு பொம்பள வண்டி கெடச்சா விடுமா?" அவர் என்னைக் குத்திப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

செல்லூருக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். எல்லாரும் வாசலில் இருக்கிற நேரம். ஹெல்மெட்டின் முடிச்சு அறுந்துபோனதால் அதைப் பிடித்து மாட்ட வழியில்லை, கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் முகத்தோடு, பின்னல் தொங்க, காலி வண்டி துள்ளத் துள்ள, தெரு முழுக்க இரண்டு காலையும் தேய்த்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டு டீச்சர் எழுந்து நின்று பார்த்தார். அவர் ஏதாவது சொல்லட்டும் என்று மெதுவாகவே போனேன். அவர் கேலி பண்ணவில்லை. "பாத்துப் போங்க, முன்னால பள்ளம்" என்றார்.

வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்த என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல் கேள்வி, "சட்ட எங்க?"

"மூட்டையில."

"தெருவே பாத்துருச்சே."

"பாக்கட்டும்ங்க" என்று சொல்லி, திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். தெரு என்ன பேசும் என்பதை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஹெல்மெட்டுக்குப் புதுக் கொக்கி வாங்கி வரச் சொல்லி அவரே பொருத்தினார். சட்டையை நான் துவைத்து மடித்து வைத்தேன். அவர் அதைத் திரும்பப் போடவில்லை. இப்போது அது வண்டி துடைக்கிற துணி.

அடுத்த செவ்வாயிலிருந்து என் சுடிதாரிலேயே போகிறேன். பின்னல் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கும். கடை வாசல் வரை வண்டியிலேயே போய் இறங்குகிறேன். மோர் கொடுத்த கடைக்காரர், "அப்ப அம்புட்டு நாளும் நடந்து வந்தது?" என்று கேட்டபோது குனிந்து மூட்டையை அவிழ்த்தேன். அவர் மனைவி அன்றைக்கும் மோர் கொடுத்தார்.

அந்தப் பிள்ளை இப்போது செவ்வாய்க்கிழமையும் காலேஜுக்குப் போகிறாள். சாயங்காலம் நான்தான் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுகிறேன். வழியில் பரிட்சையைப் பற்றி, தோழிகளைப் பற்றி நிறையப் பேசுகிறாள். என் தோளையும் பிடித்துக்கொள்கிறாள்.

ஆனால் நான் வந்து சேர்வதற்கு முன்னால், தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும், அவள் வேப்ப மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறாள். நான் வருகிற நேரம் அவளுக்குத் தெரியும், என் வண்டிச் சத்தமும் தெரியும், இருந்தாலும் போகிறாள். அதனால் வேகத்தடைக்கு ரொம்ப முன்னாலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறேன். மரத்துக்குப் பின்னாலிருந்து அவள் தலையை நீட்டி, என் முகத்தைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் ரோட்டில் நிற்கிறேன்.